இடது கைச் சாவி

என் முதுகை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.
ஏழு வருடம், செவ்வாய் இரவு எட்டு மணிக்கு,
ஓஹாயோவின் எல்லா வீட்டுக் கூடத்திலும்
அது கூரையிலிருந்து விழுந்தது.

முகம் வேறொருத்தியுடையது.
அவள் அழுவாள், முத்தமிடுவாள், வசனம் பேசுவாள்.
பேய் தூக்கி எறியும்போது மட்டும்
இயக்குநருக்கு என் ஞாபகம் வரும்:
"லொரெய்ன், விக்கை மாட்டு."

கதை தெரிந்ததுதான்.
டொலிடோவில் பூட்டுக்கடைக்காரர் மகள் ஓரியல், வயது பதினேழு.
செத்தவர்கள் திரும்பி வருகிற கதவுகள்
அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும்.
பகலில் அல்ஜீப்ரா, இரவில் கதவடைப்பு.
ஆயுதம் என்று ஒரே ஒரு பித்தளைச் சாவி,
விரலிடுக்கில், கத்தி மாதிரி.

இடது கையில்.

அந்த இடது கையைப் பற்றி
மிச்சிகனில் ஒரு பேராசிரியர் நாற்பது பக்கம் எழுதினார்.
இதயத்தின் பக்கம் என்றார்,
ஒதுக்கப்பட்டவர்களின் கை என்றார்.
வாங்கிப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

நடந்தது இவ்வளவுதான்:
மூன்றாம் நாள் படப்பிடிப்பு,
பழைய கண்ணாடித் தொழிற்சாலையின் இரும்புப் படிகளில் உருண்டதில்
என் வலது மணிக்கட்டு விட்டுப்போயிற்று.
சொன்னால் வேலை போகும்.
சாவியை இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன்.
முகத்துக்காரியும் மாற்ற வேண்டியதாயிற்று,
காட்சி ஒட்ட வேண்டுமே.

பிறகு ஊரே மாற்றிக்கொண்டது.
எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத சாவிகள்
ஹார்டுவேர் கடையில் பெட்டி பெட்டியாய்த் தீர்ந்தன.
என் மகன் வகுப்பில் நான்கு ஓரியல்கள்;
வகுப்பு வளர்த்த முயலையும் சேர்த்தால் ஐந்து.

ஒருமுறை எக்ஸ்ரே எடுக்க வந்த பெண்ணின் கழுத்தோரம்
அந்தச் சாவி, பச்சைக் குத்தலாய்.
"அந்தத் தொடர் பார்ப்பீர்களா?"
"பார்த்திருக்கிறேன்."
"எனக்குப் பதின்மூன்று அப்போது.
அம்மாவின் புருஷன் ராத்திரியில் என் அறைக் கதவைத் திறப்பான்.
அவள் கதவடைப்பதைப் பார்த்தபின்தான்
நானே போய்த் தாழ்ப்பாள் வாங்கினேன்.
பதினோரு டாலர்."
திரையில் என் தோள்பட்டைத் திருகாணிகள் இரண்டும்
வெள்ளையாய்ப் பளபளத்தன.
"மூச்சைப் பிடியுங்கள்" என்றாள்.
பிடித்தேன்.

போன நவம்பர்.
கடைசிப் பேருந்தில் இறங்கி நடக்கிறேன்.
முன்னால் ஒருத்தி, முதுகில் கல்லூரிப் பை.
நடை வேகமாகிறது.
கோட்டுப் பையிலிருந்து கை வெளியே வருகிறது,
விரலிடுக்கில் சாவி.

எந்தக் கை என்று சொல்ல வேண்டியதில்லை.

அவள் பின்னால் கேட்ட காலடி என்னுடையது.
இடுப்பு தேய்ந்து, ஒரு பக்கம் இழுத்து இழுத்து.
எங்கள் பேய்களுக்கு
இப்படித்தான் ஒலி சேர்ப்பார்கள்.

என்ன சொல்லிக் கூப்பிடுவது?
பயப்படாதே, அந்தக் கை என் கை என்றா?
தெருவைக் கடந்தேன்.
எதிர்ச்சாரி விளக்கடியில் நின்று
தொப்பியைக் கழற்றினேன்.

அவள் திரும்பி
என் முகத்தைப் பார்த்தாள்.
ஒரு கிழவி, நரைத்த முடி, அவ்வளவுதான்.
ஆனாலும் சாவியை இறக்கவில்லை. கெட்டிக்காரி.

நாலாவது வீட்டில் விளக்கு எரிந்தது.
பூட்டு இரண்டு சுற்றுச் சுற்றும் சத்தம்
தெருவின் இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது.