நிகர எடை

இருபத்தாறு வருஷமாகக் கரும்பு நிறுக்கிறவன் நான்.
பள்ளிப்பட்டிலிருந்து நகரி போகும் சாலையில்
ஆலைக்கு முன்னால் எடைமேடை.
லாரி ஏறும்; எண்கள் தடுமாறி நிற்கும்.
வண்டி எடை கழி, தோகை கழி,
வேர்மண் கழி.
மிச்சம்தான் கரும்பு.

தை மாசம் என் ரத்தத்தை நிறுத்துச் சொன்னார்கள்:
மூன்று மாதச் சராசரி
ஒன்பது புள்ளி நான்கு.
ஆலையின் பிழிதிறனும்
அந்த வருஷம் அதேதான்.
சிரித்தது நான் மட்டும்.
கிரிஜா சீனி டப்பாவை எடுத்துப்போய்
பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

வெல்லம் போடு என்றார்கள்.
பனங்கற்கண்டு, மலைத்தேன், கருப்பட்டி,
ஆளுக்கொன்று.
எனக்குத் தெரியாதா?
எல்லாம் ஒரே சரக்கு,
தார்ப்பாய்தான் வேறு.

திருத்தணி மருந்துக்கடையில்
எரித்ரிடால் என்று ஒன்று, உப்புப்போல் பளபளப்பு.
ஆவி பறக்கும் காபிக்குள்
யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டாற்போல் குளிர்ந்தது.
பிடித்துப்போய் நாலு கரண்டி போட்டேன்.
ராத்திரி முழுக்க வயிறு பேசிக்கொண்டிருந்தது.

அடுத்த பை, முகப்பில் பச்சை இலைப் படம்.
பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன்.
முதல் பெயரே மால்டோடெக்ஸ்ட்ரின்:
மாவு.
இலை கடைசியில், பொடி எழுத்தில்.
இதே வேலையைச் செய்த எத்தனை டிராக்டரைத்
திருப்பி அனுப்பியிருக்கிறேன்!

துறவி பெயர் வைத்த சீனத்துப் பழத்தின் தூள்
நிஜமாகவே நன்றாக இருந்தது.
நூறு கிராமுக்கு அவர்கள் கேட்டது
ஒரு டன் கரும்புக்கு நாங்கள் கொடுப்பதில் கால்வாசி.
கிரிஜா அதைச் சாமி அலமாரியில்
விபூதிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.
விருந்தாளி வந்தால்கூட எடுப்பதில்லை.

பிறகுதான் சுப்பராயுடு,
புத்தூர்ப் பக்கத்து லாரிக்காரர்,
கறுப்பு நெகிழிப் பையில் ஒரு செடி கொண்டுவந்தார்.
அவருக்கு அது மதுபத்ரி,
எனக்குச் சீனித்துளசி.
பெயர் மாறினாலும் வாடும் விதம் ஒன்றுதான்:
ஒருநாள் தண்ணீர் தவறினால் தலை தொங்கும்.

ஒரு இலை மென்றேன்.
முதலில் வெறும் புல்.
வாயை மூடியபின் வந்தது இனிப்பு,
வந்தது போகவில்லை,
போகும்போது அதிமதுரத்தைத்
தகரத்தில் தேய்த்தாற்போல் ஒரு வால்.
எங்கள் வீட்டுக்கு வரும் சித்தப்பா ஒருவர் அப்படி.

நிழலில் உலர்த்தி, சுக்கும் மல்லியும் தட்டிப்போட்டு,
கல் உப்பு ஒன்றே ஒன்று.
வால் சுருண்டு சுக்கின் காரத்துக்குள் ஒளிந்தது.

ஆனால் கிரிஜா நம்புகிறவள் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை ஐந்து தம்ளர்,
காதில் ஐந்து நிற நூல்.
"கண்ணை மூடிக்கிட்டுக் குடி."

சிவப்பு: குளிர்ச்சி, தெரிந்தது.
மஞ்சள்: மாவு.
நீலம்: சாமி அலமாரி, அன்று மட்டும் இறங்கியிருக்கிறது.
வெள்ளை: என் இலை.
கறுப்பைக் குடித்து முகம் சுளித்தேன்.
"இது ஏதோ மட்டப் பொடி,
சப்பென்று திகட்டுது, எங்கே வாங்கினே?"

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய அரைக் கரண்டி,
எங்கள் ஆலைச் சீனி.

இப்போது இரவு முறை.
மேடைக்குப் பின்னால் தொட்டியில் ஏழு செடி.
ஜன்னல் விளிம்பில் ஆறவைத்த தம்ளரை
எறும்புகள் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு
தரையில் சிந்திய கரும்புச்சாற்றுக்கே இறங்குகின்றன.

"திய்யகா உந்தா?" என்கிறார் சுப்பராயுடு,
சீட்டுக்குக் கை நீட்டியபடி.
"உந்தி," என்கிறேன்,
"கொஞ்சம் கழிவு பிடிக்கணும்."

அவர் வண்டி இறங்குகிறது.
பின்னால் இன்னும் பதினாலு வண்டி,
விளக்கை அணைத்துக் காத்திருக்கின்றன.