நேர்ச்சாலை

நல்லர்பார் சமவெளியில் தொண்ணூறு மைலுக்கு
சாலை வளைவதில்லை.
லைல் காரிகனும் வளையவில்லை,
மூன்று இரவாக,
பெர்த்துக்குப் போகும் தக்காளி கெடுவதற்குள்.

நார்ஸ்மன் மருத்துவமனையில்
நான் டார்ச் அடிக்கிறேன்.
கண்பாவை சுருங்க மாட்டேனென்கிறது,
யாரோ திறந்து தாழ்போட மறந்த கதவு.
நாடி நூற்று நாற்பத்தெட்டு.
படுத்திருக்கும் உடம்புக்குள்
ஓடிக்கொண்டிருக்கிறான் ஒருவன்.

கடைவாய்ப் பல் பாதிதான் மிச்சம்.
மீதியை அரைத்து விழுங்கியது
அவனுக்கே தெரியாது.
கடைசியாக எப்போது சாப்பிட்டாய்?
எந்த ஊரில் என்று திருப்பிக் கேட்கிறான்.

முதல் மாத்திரையில் எல்லாமே அழகாம்:
வெள்ளைக்கோடு, டீசல் வாடை,
ரேடியோவில் கோதுமை விலைகூட.
மாதச் சம்பளம் மொத்தத்தையும்
ஒரே ராத்திரியில் வாரி இறைத்திருக்கிறது மூளை.
பின்னால் போட்டவையெல்லாம்
காலிப் பையை உதறிப் பார்த்தவை.

இரண்டாம் இரவு, நடுச்சாலையில்
ஒரு பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.
பிரேக் போட்டு இறங்கினான்.
யாருமில்லை.
அப்புறம் ஒரு பியானோ.
அப்புறம் செத்துப்போன தம்பி, சைக்கிளோடு.
இனி இல்லாதவற்றுக்கு நிற்பதில்லை
என்று முடிவு செய்தான்.
தெளிவான முடிவுதான்,
கண்ணாடி மாதிரி.

ஒட்டகம் இருந்தது.

நெற்றியில் தையல் போடும்போது
தாடை இன்னும் எதையோ மென்றபடி
மெதுவாகக் கேட்கிறான்:
"நீங்கள் இருக்கிறீர்களா, சிஸ்டர்?"

ஊசியைத் தட்டில் வைத்தேன்.
அவன் விரல் இரண்டை எடுத்து
என் மணிக்கட்டில் பதித்தேன்.
எண்ணட்டும்.