மூன்று அசை

என்னை உங்களுக்குத் தெரியாது.
என் தொண்டையைத் தெரியும்.

ரோமில் ஒரு பேக்கரிக்குக் கீழே நிலவறை.
மேலே ரொட்டி வேகும், கீழே நாங்கள் வேகுவோம்.
பதினெட்டு வருஷம் அங்கே
லவீனியா சால்வி திரையில் வாயைத் திறந்தாள்.
நான் பேசினேன்.

கழுத்து அவளுடையது. அந்த இமையும் அவளுடையது.
தேசத்து ஆண்களைத் தூங்கவிடாத குரல் மட்டும்
டிராமில் நின்றுகொண்டே வீடு போகும்
குள்ளமான என்னுடையது.
தக்காளி என்ன விலை என்று கேட்டேன் ஒருமுறை;
கடைக்காரன் எடைக்கல்லைக் காலில் போட்டுக்கொண்டான்.
நிமிர்ந்து பார்த்தான்.
அந்தப் பார்வையை மறக்கச் சில காலம் ஆயிற்று.

அவள் பெயர் எர்சீலியா.
விலாங்கு பிடிப்பவரின் மகள்.
போ நதி கடலுக்குள் போகத் தயங்கி
சேறாகிக் கிடக்கும் பக்கத்துக்காரி.
சரளைமேல் வாளியை இழுப்பது போல இருக்குமாம் பேச்சு.
'முகம் போதும்,
மற்றதை ஊருக்கு அனுப்பிவிடு' என்றாராம்
முதல் படத்து இயக்குநர்.

பாலில் குளிக்கிறாள் என்று எழுதினார்கள்.
ரோஜாக் கட்டுகள் வாசலில் வந்து குவிந்தன.
அவளுக்கு ரோஜா பட்டால் தும்மல்.
பச்சை வெங்காயம் கடிப்பாள்,
நாற்பத்தோராம் அளவுச் செருப்பு,
பணத்தை இரண்டு தரம் எண்ணாமல் கையெழுத்துப் போடமாட்டாள்.
இதெல்லாம் உடை தைக்கிற ஃபெதோரா சொன்னது.
அதையும் எவ்வளவு நம்பலாம்?
நிஜம் இதுதான் என்று சொல்லவும்
ஊரில் ஆட்கள் இருந்தார்கள், காசுக்கு.

உதட்டைப் பார்த்து அசை எண்ணுவது என் தொழில்.
ஐம்பத்து நான்கில் ஒரு ரயில் நிலையக் காட்சி.
காதலன் போகிறான். அவள் கூப்பிட வேண்டும்:
ரிக்-கார்-தோ.
மூன்று அசை.
எங்கேயும் உதடு ஒட்டாத பெயர்.

திரையில் ஒட்டியது.
ஒட்டிப் பிரிந்து, ஒருமுறை திறந்து, நின்றுவிட்டது.
இரண்டே அசை.
சுருளைப் பதினோரு தடவை ஓட்டினோம்.
'தூக்கத்தில் நடித்திருக்கிறாள்' என்றார் ஒலிப்பதிவாளர்.
கடைசியில், உதடு மூடிய இடத்தில்
ஒரு விம்மலை வைத்துத் தைத்தேன்;
மிச்சத்தில் ரிக்கார்தோவை மடித்துத் திணித்தேன்.
அந்த விம்மலுக்காக
அவளுக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள்.

ஒரு நாள் தலைத்துணி கட்டி வந்து
பின்வரிசையில் உட்கார்ந்தாள்.
விளக்குப் போட்டதும் கேட்டாள்,
ஆமாம், வாளிதான், சரளைதான்:
'ரயில் நிலையத்தில் என்ன சொன்னாய்?'
'ரிக்கார்தோ.'
'ம். அப்படித்தான் எழுதியிருந்தது.'
கையுறையை மாட்டிக்கொண்டு படியேறிப் போனாள்.
இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவே.
முப்பது வருஷம் அதை அசைபோட்டேன்.

அடக்கத்துக்குப் போனேன்.
தட்டையான ஊர். மூடுபனி.
கல்லறைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு வரப்பு.
அவள் தம்பி ஒலிந்தோ பீப்பாய் போல் இருந்தான்.
கிராப்பா ஊற்றியபடி, யாரிடமோ போலச் சொன்னான்:
அன்று காலை தந்தி போயிற்று அவளுக்கு.
அப்பா இறந்துவிட்டார் என்று.
படப்பிடிப்பை நிறுத்த முடியாது என்றார்கள்.

எங்கள் பேச்சில் அப்பாவுக்குப் 'பாரே'.

படம் இந்த ஊருக்கு வந்தபோது
முதல் ராத்திரியே கொட்டகை முழுதும் பார்த்துவிட்டது.
மறுநாளிலிருந்து அந்த இடம் வந்ததும்
ஆப்பரேட்டர் ஒலியைத் திருகி அணைத்துவிடுவார்.
மீன்காரர்கள் எழுந்து தொப்பியைக் கழற்றுவார்கள்.
ஒன்பது ராத்திரி ஓடியது.
ஒன்பது ராத்திரியும்.

கோப்பை வாங்கிய என் விம்மலை
ஒரு ஊர் கேட்கவே இல்லை.

'நீங்கள் யார், அக்காவுக்கு என்ன வேண்டும்?'
ஒலிந்தோ கேட்டான்.
அறையில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள்.
உரக்கத்தான் பதில் சொன்னேன்,
என் பெயரை, ஊரை, எந்த ரயிலில் வந்தேன் என்பதை.

ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.