பதினோராவது டேக்

"விழத் தெரியாதவள் மாதிரி விழணும்"
என்கிறார் இயக்குநர்.
ட்வைலா ஹாஸ்கின்ஸுக்கு
அது ஒன்றுதான் வரவில்லை.

இருபத்திரண்டு வருடம் விழுந்தே சோறு தின்ற உடம்பு.
முகவாய் தானாக நெஞ்சில் ஒட்டுகிறது.
உள்ளங்கைகள் முந்திக்கொண்டு தரையை அறைகின்றன.
முதுகு, மொத்தமாய், ஒரே நேரத்தில்,
கதவைச் சாத்துவதுபோல் சாத்திக்கொள்கிறது.
முதல் டேக்கில் லைட்டு பிடிப்பவன் கைதட்டிவிட்டான்.
"நீங்கள் பள்ளிக்கூடச் சமையல்காரி.
போனில் மகன் செத்த செய்தி.
யாரும் கைதட்டக் கூடாது, ட்வைலா."

டென்னஸியில், பத்தொன்பது வயதில்,
கோழி வெட்டும் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
டயர் குடோனில் மல்யுத்தம் படித்தாள்.
தலைமுடியில் இறகு, முட்டியில் தார்.
படித்தது கழுத்துப்பிடி, இடுப்புவீச்சு, கத்தரிக்கால்.
கொடுத்தது ஒரு சிவப்பு கவுன்.
மேடம் கார்மைன் என்றார்கள். வேலை, வேலட்
(கார் நிறுத்தித் தருபவனுக்கும் அதே பெயர்தான்).
லைல் ஓட்டிங்கருக்கு முன்னால் நடக்க வேண்டும்.
நடுவர் அந்தப் பக்கம் திரும்பும் அரை நொடியில்
எதிராளியின் கணுக்காலை இழுக்க வேண்டும்.
திரும்பியதும்
ஒன்றும் அறியாத முகம்.

நடிப்பு எங்கே கற்றாய் என்று
பிற்பாடு நேர்காணலில் கேட்டார்கள்.

அந்த முகத்துக்காக அவள் மேல் எறிந்தவை:
ஐஸ், பேட்டரி, பாதி தின்ற சோளக்கதிர்.
டோத்தனில் ஒருவன் தோள்பட்டையில் சிகரெட்டை அணைத்தான்.
அன்று லைலுக்கு இருநூறு டாலர்.
அவளுக்கு முப்பத்தைந்து,
கவுன் சலவை அவள் செலவு.

அடி என்று நாம் சொல்வதை
அவளுக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்:
வாங்குவதும் அதையே,
எடுத்து வைப்பதும் அதையே.

கடைசியில் ரிங்குக்குள்ளும் விட்டார்கள்.
ஜெனீவா ப்ளெட்சோவோடு நாலு நிமிடம்.
ஆண்கள் மூத்திரம் போய்வரும் நேரம் அது.
ஹன்ட்ஸ்வில்லில் ஓர் இரவு
பெரிய ஆட்டத்துக்காரர்களின் வேன் பனியில் சிக்கியது.
"இழுத்தடியுங்கள்" என்று வந்து சொன்னான் முதலாளி.
முப்பத்தொரு நிமிடம்.
ஒருத்தன் எழுந்து போகவில்லை.
கேமரா இல்லாத இரவு.
ஜெனீவாவைக் கேட்டால் இருபதுதான் என்பாள்.

பிறகு தோள்மூட்டு.
பிறகு நாஷ்வில் மெத்தை விளம்பரம்:
சிரித்தபடி மல்லாக்க விழ வேண்டும், ஒரே டேக்.
பிறகு மூன்று முறை சிறைக் காவலாளி,
ஒருமுறை பிணம்.
இப்போது இந்த ஏப்ரன், இந்தக் கரண்டி, இந்த போன்.

பத்தாவது டேக்கும் வீண்.
"உங்கள் வாழ்க்கையிலிருந்து ஏதாவது எடுங்களேன்" என்றார் இயக்குநர்
மிகவும் மென்மையாக.

தேடினாள்.
டூபிலோ மோட்டலில், காலை ஆறரைக்கு ஒரு போன்:
லைல் எழவில்லை, இனி எழமாட்டான்.
ஆனால் அன்று அவள் விழவே இல்லையே.
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஹீல்ஸைத் துடைத்தாள்.
மாலை ஷோ இருந்தது.
வேறொருவனுக்கு முன்னால் நடந்தாள்.

எடுக்க ஒன்றுமில்லை.
சும்மா நின்றாள்.
அப்போதுதான் பிடிபட்டது.
விழத் தெரியாதவர்கள் விழுவதில்லை.
விழாமல் இருக்கப் பார்க்கிறார்கள்.

பதினொன்று.
போன் நழுவியது. அவள் நழுவக் கூடாது என்று
மேசையைப் பிடித்தாள், மேசை விரிப்போடு வந்தது.
அலமாரியைப் பிடித்தாள், தட்டுகள் வந்தன.
முட்டி ஒன்று மடங்க, மற்றொன்று மறுக்க,
காற்றை ஒரு கையால் பற்றி
கோணலாய், அசிங்கமாய், வெகுநேரம் எடுத்து,
முழங்கை முதலில் இடிக்க
தரைக்கு வந்தாள்.

ஒரு சத்தமில்லை.
ஒன்று, இரண்டு என
பழக்கத்தில் உள்ளே எண்ணினாள்.
மூன்றுக்கு முன் தோளைத் தூக்கவில்லை.

"கட்."

முழங்கையில் ரத்தம், நிஜம்.
மேக்கப் பெண் பஞ்சோடு ஓடிவந்தாள்.
"துடைக்காதே" என்றாள் ட்வைலா, தரையில் கிடந்தபடியே.
"அடுத்த ஷாட்டில் இது இருக்கணும்."