நிறை

பன்னிரண்டு இருக்கை விமானம்.
செவ்வாயும் வெள்ளியும் பலாலியிலிருந்து மலைநாட்டுக்கு.
ஞாயிறு காலையில்
தீவுகளைச் சுற்றிக் காட்ட நாற்பது நிமிடம்.

என் வேலை நிறுப்பது.
பெட்டியை மட்டுமில்லை, ஆளையும்.
கலியாண வீட்டுச் சேலையோடு வந்த பரிமளகாந்தி
"தங்கச்சி, சத்தமாச் சொல்லாதையும்" என்றா.
எழுதிக் காட்டினேன்.
எழுதினதையும் கையால் மறைத்தா.

எனக்குப் பின்னால்
கொம்பனி மாட்டின பதாகையில் ஒரு மலை.
எந்த நாட்டினதோ, உச்சியெல்லாம் பனி.
எங்கள் பக்கத்தில் மலையென்று பேர் வைத்தது
கீரிமலை ஒன்றுதான்.
அதில் ஏறத் தேவையில்லை,
படியிறங்கிக் குளிக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை தார் உருகுகிற வெயில்.
ஏழே முக்காலுக்கு அறிவித்தேன்:
மலையில் முகில். பறப்புத் தாமதம்.
பதினொரு பேர் வெளியே போய்
அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து
என்னைப் பார்த்தார்கள்.
"எந்த முகில், பிள்ளை?"
ஏதோ நான் அதை மேசைக்குக் கீழே
ஒளித்து வைத்திருப்பதுபோல.

சந்தனசாமி மட்டும் எழும்பவில்லை.
சுன்னாகத்துப் பேக்கரியில் மா குழைக்கிறவர்.
நாற்பத்தேழு கிலோ,
கைப்பையோடு நாற்பத்தொன்பது.
விடிய மூன்று மணிக்குப்
பொகவந்தலாவையிலிருந்து ஃபோன்: அம்மா போயிட்டாங்க.
முதலாளி கடனாய்த் தந்த காசில் டிக்கெட்.
"காலையில அப்படித்தாங்க.
பத்து மணிக்கு மேல ஏறிரும்" என்றார்,
முகில் அவருடைய வீட்டு ஆள்போல.

பதினொன்றரைக்குத்தான் ஏறியது.
அதற்குள் ஏழு பேர்
காசைத் திருப்பி வாங்கிப் போய்விட்டார்கள்.
கப்டன் றெஜினோல்ட் என் தாளைப் பார்த்து,
கணக்குப் போட்டு,
அவரைத் தன் முதுகுக்குப் பின்னால் இருத்தினார்.
நாற்பத்தேழு கிலோ அங்கேதான் இருக்கவேண்டுமாம்.

செவ்வாய் திரும்பி வந்தார், தலை மழித்து.
வந்திறங்குகிறவர்களை நான் நிறுப்பதில்லை.
"மேலேயிருந்து மலை எப்பிடி இருந்தது?"
கேட்ட பிறகு நாக்கைக் கடித்தேன்.

"போறப்ப கண்ணை மூடிக்கிட்டேங்க.
வர்றப்ப பாத்தேன்.
நம்ம லயத்துத் தகரம் மினுங்குச்சு.
எந்தக் காம்பரான்னு எண்ணுறதுக்குள்ள
விமானம் சாஞ்சு திரும்பிருச்சு."

பதாகையை ஒருதரம் பார்த்தார்.
"இது எந்த மலைங்க?"
தெரியாது என்றேன்.
ராத்திரி மாவுக்கு ஆளில்லையாம்,
பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.