எழுபது ஜிபி

ஐந்தாம் நாளாக மழை.
அறுவடைக்கு ஆத்தூரிலிருந்து வந்த மெஷின்
ஆலத்தம்பாடி வயலில் செயின் புதைய நிற்கிறது.
சாய்ந்த கதிர் முளைத்தாயிற்று.
ஓட்டுகிற சென்றாயனுக்கு வேலையில்லை, பேட்டாவில்லை.
லாட்ஜில் டிவி மட்டும் உண்டு.

திருத்துறைப்பூண்டி ரயிலடிக்கு எதிரே என் கடை.
யூரியா சாக்கில் சுற்றிவந்த கேம் பெட்டியை
மேஜையில் வைத்தான்.
"புது ஹார்ட் டிஸ்க் போட்டேன்க்கா. கண்டுக்கவே மாட்டேங்குது."

கண்டுகொள்ளாது.
தன் கம்பெனி முத்திரை உள்ளதைத்தான்
டிஸ்க் என்று ஒப்புக்கொள்ளும்.
மற்றது சுழன்றாலும் சூடானாலும் வெறும் இரும்பு.
கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பவரிடம்
பேசிப் பார்த்திருக்கிறீர்களா?
பதினேழு என்றால் பதினேழு.
மூட்டையைத் திருப்பு.

அவன் வாங்கியது ஒத்துவராத கம்பெனி.
என்னிடம் ஒன்று கிடந்தது, முந்நூற்றிருபது ஜிபி,
மூடிப்போன ரோஸ்லின் ஸ்டூடியோ கணினியில் கழற்றியது.
ஊர்க் கல்யாணம் பாதி அதற்குள்.
"இதைப் பெயர் மாற்றித் தரேன்.
ராத்திரி ஆகும். டீ வாங்கிட்டு வா."

ஹார்ட் டிஸ்கில் கோப்புகள் போகாத தடங்கள் உண்டு.
தான் யார், எவ்வளவு பெரியவன் என்பதை
அங்கேதான் எழுதிவைத்திருக்கும்.
கரண்ட் வந்ததும் முதலில் அதைப் படித்துவிட்டு
அப்புறம்தான் வாய் திறக்கும்.
ஃபர்ம்வேர் என்கிறோம்.

கருப்புத் திரை. பென் டிரைவிலிருந்து டாஸ்.
இருபது எழுத்தில் வரிசை எண்,
எட்டெழுத்தில் பதிப்பு,
நாற்பதெழுத்தில் மாடல், பாதிக்கு மேல் வெற்றிடம்.
பழையதை ஒரு கோப்பாக எடுத்து வைத்தது நிரல்,
ஒருவேளை திரும்ப வேண்டுமானால் என்று.
எழுதவா? எழுது.

யுபிஎஸ் பதினோரு நிமிடம் தாங்கும்.
மன்னார்குடிப் பக்கம் மின்னல்.
எழுதும்போது கரண்ட் போனால்
பழைய பெயரும் இல்லை, புதுப் பெயரும் இல்லை,
கேட்டால் பதிலே வராது.
அந்த நிலைமை எனக்குத் தெரியும்:
ஜெசிந்தா க/பெ என்றிருந்ததை
ஜெசிந்தா த/பெ என்றாக்க
தாலுகா ஆபீஸில் எட்டு மாதம்.

ட்யூப்லைட் ஒருதரம் இமைத்தது.
சென்றாயன் டீக் கிளாஸை வைக்கவில்லை.
முடிந்தது என்றது திரை.

பவர் கேபிளைப் பிடுங்கி, பத்து எண்ணி, மாட்டினேன்.
யார் நீ?
யாரோ ஒரு கம்பெனியின் அசல் டிஸ்க் என்றது, கூசாமல்.
எவ்வளவு பெரியவன்?
இருநூற்றைம்பது.

மீதி எழுபது எங்கே என்றான்.
அங்கேதான் இருக்கிறது. கடைமடை.
முறைவைத்துத் திறந்தாலும் அந்தப் பக்கம்
இனி எதுவும் பாயாது.
உன் பந்தாட்டமும் துப்பாக்கியும்
மற்ற கல்யாணங்கள் மேல் எழுதிக்கொண்டு போகும்.
எல்லைக்கு அப்பால் உள்ளவை மட்டும்
அழிக்க ஆளில்லாமல் கிடக்கும்:
யாருடைய மாலை மாற்றலோ, யாருடைய பந்தியோ,
சாம்பார் வாளியோடு கேமராவைப் பார்த்து நின்ற ஒருவன்.

என் கல்யாணமும் அதில் இருந்தது.
எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்க்கவில்லை.
பார்க்க வழி இருந்தது,
மாட்டுவதற்கு முன்னால்
முழு ஒரு டீ நேரம்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது.
செவ்வாய் மெஷினை லாரியில் ஏற்றிவிட்டார்கள்.
ரயில்வே கேட்வரை தார் ரோட்டில் சேறு, செயின் பல்லோடு.
முந்நூறு ரூபாய் ஜிபேயில் வந்தது,
ஐம்பது குறைவு.
கூடவே ஒரு வரி: ஓடுதுக்கா.

பழைய பெயர் இன்னும் பென் டிரைவில் இருக்கிறது,
பில் கணக்குக்கும் பாட்டுக்கும் நடுவே,
ஒரு கேபிக்கும் குறைவாக.
இடம் பற்றாதபோது அழிக்க வேண்டும்.
இதுவரை பற்றுகிறது.