கடியளவு

மனுவேற்பிள்ளை அதைச் சீமெந்துப் பையில் சுற்றி
ஓட்டோவில் கொண்டுவந்தார்.
"தம்பி, இதுக்குப் பல்லுக் கட்டவேணும்."
ஆஸ்பத்திரி வீதி, பகல் ஒரு மணி.
வாங்கில் இரண்டு பேர் கன்னத்தைப் பொத்தியபடி.
பையை விரித்தால்
பச்சைப் பெயின்ற் உரிந்த ஒரு கீழ்த்தாடை,
பாதி நாக்கு.
"அது எனக்குப் பிறகுதானே வந்தது" என்றாள்
கன்னம் வீங்கியவள்.

குருநகர்க் கரையில் ஒரு சின்னக் கோயில்,
அங்கே குதிரையில் இருக்கும் புனிதரின்
காலடிச் சாமான் இது.
போன திருநாளுக்கு ஒலிபெருக்கி விழுந்து உடைந்ததாம்.
பல் அதற்கு முன்பே இல்லையாம்.
வலுசர்ப்பம் என்றார்.
பறவைநாகம் எண்டும் சொல்லுறவை என்றார்.
கடைசியில், "டிராகன் தம்பி, டிராகன்" என்று கத்தினார்,
எனக்குக் காது கேளாதென்று நினைத்தவர்போல.

நான் மனிதருக்குப் பல் கட்டுகிறவன்.
நிறம் பார்க்க ஓர் அட்டை இருக்கிறது என்னிடம்,
பதினாறு வெள்ளை:
வெற்றிலைக்காரருக்கு, சுருட்டுக்காரருக்கு,
கனடாவிலிருந்து கலியாணத்துக்கு வந்தவருக்கு.
நெருப்பு ஊதுகிற வாய்க்கு எது பொருந்தும்?
அட்டையின் பின்பக்கம் பார்த்தேன்.
அங்கே கொம்பனியின் விலாசம்தான்.

பார்த்துச் செய்ய ஒரு வாய் தேடினேன், ஞாயிறு முழுக்க.
கோயில் தூணில் நிற்கிற யாளியின் வாய்க்குள்
விரலை விட்டேன். ஒரு கல்லுருண்டை.
உருளும், வெளியே வராது.
பல்லெல்லாம் அதற்குக் காவல்.
திருவாசியில் மகரம்
கடைவாய் கிழியத் திறந்து
கொடியும் பூவுமாய்க் கக்கிக்கொண்டிருந்தது.
குறிகட்டுவானில் படகேறினேன்.
நயினாதீவு அம்மனுக்குப் பூக் கொண்டு நீந்திய நாகம்
கருடனைக் கண்டு சுற்றிக்கொண்ட கல் அதோ என்று
பக்கத்திலிருந்தவர் காட்டினார்.
அலைதான் தெரிந்தது. ஓமோம் என்றேன்.
அந்தப் பயத்திலும் அது பூவை விடவில்லையாம்.

ஒன்றின் வாயில் உருண்டை, ஒன்றின் வாயில் கொடி,
ஒன்றின் வாயில் பூ.
எங்கள் பக்கத்தில்
கடிக்கிற வேலைக்கென்று வாய் வைத்திருப்பது
ஒன்றும் அகப்படவில்லை.
நூடில்ஸ் கடைப் பலகையில் மீசை வைத்த ஒன்று சிரித்தது.
அதற்குப் பல் நல்ல வரிசை.
நம்பமுடியாது; கீறியவர் இணுவில் ஆள்.

பிறகுதான் அலுமாரியின் மேல்தட்டு.
அளவு கொடுத்து, அரைக் காசும் கொடுத்து,
எடுக்க வராதவர்களின் பற்கள் அங்கே.
எனக்கு முன் கடை வைத்திருந்தவர் ஒட்டிய துண்டுகள்:
சின்னத்தங்கம், மீசாலை, கீழ்வரிசை.
அந்தோனிமுத்து, மேலும் கீழும், பாக்கி நூற்றெண்பது.
நாகேஸ், வெள்ளிக்கிழமை வருவா.
எந்த வெள்ளி என்று எழுதவில்லை.

தூசி துடைத்தேன். சவர்க்காரம் போட்டேன்.
கோரைப்பற்களை மட்டும் கழற்றினேன்,
போதாமல் கடைவாயும்.
வலுசர்ப்பம் மொத்தமும் ஒரு மறியாட்டின் அளவுதான்,
ஆனால் வாய் பெரிசு.
சின்னத்தங்கத்தின் பக்கத்தில் அந்தோனிமுத்து.
கொஞ்சம் நெரிசல்.
இளஞ்சிவப்பு அக்கிறிலிக்கில் முரசு வைத்தபோது
அது கோபக்காரனாய்த் தெரியவில்லை;
ஏதோ சொல்ல வந்து
நிறுத்திக்கொண்டதுபோல் இருந்தது.

செவ்வாய் பின்னேரம், கோயிலில் ஆளில்லை.
குதிரைக்கு ஒரு காது இல்லை.
புனிதரின் கை ஓங்கியபடி, வெறுங்கை.
ஈட்டி தொண்ணூற்றைந்தில் காணாமற்போனது,
புதிசு கொழும்பில் செய்யினம், திருநாளுக்கு முதல் வரும்
என்று சொல்லிவிட்டு மனுவேற்பிள்ளை
மெழுகுதிரி எடுக்கப் போனார்.

தாடையைப் பொருத்தினேன். பசை காய ஐந்து நிமிடம்.
செய்த நாள்தொட்டு இந்த வாய்
தொண்டையில் இரும்போடு திறந்தே இருந்திருக்கும்.
மேலே பார்த்தேன்.
சிலந்தி வலை ஒன்று, வேறொன்றுமில்லை.
சிவப்புக் கடித்தாளை எடுத்தேன், பழக்கம்தான்,
பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே வைத்தேன்.

"ஈட்டி வர முதல், ஒருக்கா,
மெல்லக் கடியுங்கோ."